உறுப்பு மாற்றுச் சிகிச்சையும் தெரிவின் அறமும்

ஒரு நோய்க்கான மருந்து வேண்டிய அளவு கிடைக்குமாயின் அதனை முதலில் யாருக்குக் கொடுப்பது என்னும் வினா எழுவதில்லை. குறை நேரின் மேலும் உற்பத்தி செய்து கொள்ளலாம். ஆனால், பழுதுற்ற சிறுநீரகத்துக்கு மாற்றாக வேண்டப்படும் சிறுநீரகம் தொழிற்சாலையில் உருவாவதன்று. உயிருடன் இருக்கும் ஒருவரிடமிருந்தோ, இறந்த ஒருவரிடமிருந்தோதான் அது வருதல் வேண்டும். வேண்டுவோர் பலராகவும் கிடைப்பவை சிலவாகவும் இருக்கும்போது, ஒருவருக்குக் கொடுத்தல் மற்றொருவருக்குக் கொடாது விடுதலாகவே முடிகின்றது.

இத்தெரிவை யார் செய்வது? எந்த அளவுகோலைக் கொண்டு செய்வது? கடந்த அறுபது ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் இவ்வினாவுக்கு மூன்று வகையாக விடை காண முயன்றுள்ளது. முதலில் மனிதர் சிலரைக் கொண்ட குழுவொன்றிடம் தெரிவு ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது கணிதச் சூத்திரங்களிடம் சென்றது. இன்று செயற்கை நுண்ணறிவு பெற்ற கணினிகள் இத்துறையினுட் புகுந்துள்ளன. மனிதர் பக்கச்சார்பு உடையவர், எண்களோ நடுநிலையானவை என்ற நம்பிக்கையே இம்மாற்றங்களுக்கு அடிப்படையாய் அமைந்தது. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருத்தமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயலாதது இயன்ற வரலாறு

அறுபட்ட குருதிக் கலன்களைத் தைத்து இணைக்கும் முறையை வகுத்தமைக்காக அலெக்சிஸ் கரெல் என்பார் 1912 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அவர் விலங்குகளிற் சிறுநீரகத்தை இடம்மாற்றிப் பொருத்திப் பார்த்தார். ஒரு விலங்கின் சிறுநீரகத்தை எடுத்து அதே விலங்கின் உடலில் வேறோரிடத்திற் பொருத்தியபோது அது தொழிற்பட்டது. வேறொரு விலங்கின் உடலிற் பொருத்தியபோதோ விரைவில் அழிந்தது. தையலிற் குறை இல்லையெனின் குறை எங்குள்ளது என்பது அக்காலத்தில் விளங்கவில்லை.

இதற்கான விடை இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் கிடைத்தது. தீக்காயமுற்றோருக்குப் பிறருடைய தோலை ஒட்டுவது பற்றி ஆராய்ந்த பீற்றர் மெடவார், ஒரே வழங்கியிடமிருந்து இரண்டாம் முறை பெற்ற தோல் முதன்முறையிலும் விரைவாக அழிவதைக் கண்டார். உடல் அந்நியப் பொருளை இனங்கண்டு, நினைவிற் கொண்டு, மறுமுறை மேலும் வலுவாகத் தாக்குகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. தொற்று நோய்களினின்று எம்மைக் காக்கும் நிர்ப்பீடனத் தொகுதியே மாற்றுறுப்பையும் பகையாகக் கொள்கின்றது. இத்துறையில் ஆற்றிய பணிக்காக மெடவார் 1960 ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பகை என உடல் கொள்ளாத உறுப்பு ஒன்று உண்டெனின் அது ஒருகரு இரட்டையரின் உறுப்பாகவே இருத்தல் வேண்டும். 1954 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் நாள் பொஸ்ரன் நகரில் யோசெப் மறே தலைமையிலான குழுவினர் இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினர். அதற்கு முன்னர் இருவருக்குமிடையே தோல் ஒட்டிப் பார்த்து அது நிலைப்பதை உறுதி செய்துகொண்டனர். பெற்றவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். இங்கு ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். அன்று சத்திரசிகிச்சை மேசையிற் கிடந்த இருவருள் ஒருவர் நோயாளி அல்லர். தமக்கு எவ்வகையிலும் நன்மை தராத ஒரு வெட்டுக்கு உடல்நலமுள்ள ஒருவரை உட்படுத்தல் தகுமா என்னும் வினாவை மருத்துவர்கள் நேருக்கு நேர் சந்தித்தனர். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பிறந்தபோதே அறவியல் வினாவும் உடன்பிறந்தது எனலாம்.

இரட்டையர் அல்லாதோருக்கும் இச்சிகிச்சை பயன்படுவதற்கு நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்துகள் வேண்டியிருந்தன. 1960களின் தொடக்கத்தில் அசத்தயோபிரீன் வந்தது. 1969 ஆம் ஆண்டு நோர்வேயிற் சேகரிக்கப்பட்ட மண்ணிலிருந்து கிடைத்த பங்கசு ஒன்று சைக்குளோஸ்போரின் என்னும் மருந்தைத் தந்தது. 1978 இற் கேம்பிரிட்ஜில் நோயாளருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட அம்மருந்து 1983 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் பின்னர் சிறுநீரகம் மட்டுமன்றி, இருதயம், ஈரல் முதலியவற்றை மாற்றுதலும் பல நாடுகளில் வழமையான சிகிச்சையாயிற்று. நுட்பம் வென்றது. வெற்றியின் அளவுக்கு, வேண்டிக் காத்திருப்போர் தொகையும் பெருகிற்று. 2024 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் உறுப்புக்காகக் காத்திருந்தனர். அவருட் பெரும்பாலோர் சிறுநீரகத்துக்குக் காத்திருந்தோராவர்.

சியற்றில் நகரத்து எழுவர்

பங்கிடும் வினா முதலில் எழுந்தது உறுப்பைப் பற்றியன்று, உறுப்பின் தொழிலைச் செய்யும் இயந்திரத்தைப் பற்றியேயாகும். போர்க்கால ஒல்லாந்தில் வில்லெம் கொல்ஃப் என்னும் மருத்துவர், இறைச்சி அடைக்கப் பயன்பட்ட செலோபேன் குழாயை மரச்சட்டத்தாலான உருளையிற் சுற்றி, அதனூடாக நோயாளியின் குருதியைச் செலுத்திக் கழிவுகளை வெளியேற்றினார். 1943 இல் தொடங்கிய இம்முயற்சியில் முதல் நோயாளிகள் பிழைக்கவில்லை. 1945 இல் 67 வயதுப் பெண்மணி ஒருவர் பிழைத்தெழுந்தார். எனினும், ஒவ்வொரு முறையும் புதிதாக நாடியையும் நாளத்தையும் வெட்டித் திறக்க வேண்டியிருந்தமையால் சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தோருக்கு இது பயன்படவில்லை.

1960 ஆம் ஆண்டு சியற்றில் நகரில் பெல்டிங் ஸ்கிறிப்னர், குருதிக் கலன்களில் நிலையாகப் பொருத்தி வைக்கத்தக்க தெஃபிளன் குழாயொன்றை அமைத்தார். வாரந்தோறும் இயந்திரத்தோடு இணைத்துப் பல ஆண்டுகள் ஒருவரை வாழவைத்தல் இதனால் இயன்றது. 1962 ஆம் ஆண்டு அந்நகரில் இதற்கென ஒரு நிலையம் திறக்கப்பட்டது. இயந்திரங்கள் சில, வேண்டுவோர் பலர். மருத்துவர்கள் தகுதியெனக் கண்டோருள் யாரைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. சட்டத்தரணி, மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரச அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், சத்திரசிகிச்சை நிபுணர் என்போர் அதிற் பெயர் வெளியிடப்படாது அமர்ந்தனர்.

அவ்வாண்டு நவம்பரில் ‘லைஃப்’ சஞ்சிகை இக்குழுவைப் பற்றி விரிவாக எழுதியபோது உலகம் அதிர்ச்சியுற்றது. வயது, மணநிலை, தங்கி வாழ்வோர் தொகை, வருமானம், கல்வி, தொழில், கடந்தகாலச் செயல்கள், எதிர்காலத்தில் எதிர்பார்க்கத்தக்க பயன் என்பனவெல்லாம் அங்கு ஆராயப்பட்டன. குடும்பமும் நிலையான தொழிலும் உடையவர் வாழத் தகுந்தவராகவும், தனித்தவரும் வழமைக்கு மாறாக வாழ்பவரும் தகுதி குறைந்தவராகவும் கணிக்கப்படுகின்றனர் என்ற கண்டனம் எழுந்தது. குழுவினர் தீயோர் அல்லர். தமக்குப் பழக்கமான வாழ்க்கையையே நல்வாழ்க்கையென அவர்கள் கருதினர். தாம் அறிந்த சமுதாயத்தின் மதிப்புகள் தம் தீர்ப்பினுட் புகுவதை அவர்களே அறிந்திலர் போலும்.

1972 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கச் சட்டமன்றம், சிறுநீரகம் செயலிழந்தோருள் ஏறத்தாழ அனைவரதும் சிகிச்சைச் செலவை அரசு ஏற்க வழிசெய்தது. இதனால் அந்நாட்டில் இயந்திரத்துக்கான தெரிவு தேவையற்றதாயிற்று. ஆயின், தெரிவு மறைந்துவிடவில்லை. பணத்தாற் பெருக்க இயலாத பொருளாகிய மாற்றுச் சிறுநீரகத்தின்பால் அது சென்று சேர்ந்தது.

கொடுப்போர் யாவர்?

யாருக்குக் கொடுப்பது என்பதற்கு முன்னர், யாரிடமிருந்து பெறுவது என்பதையும் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1967 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள் கேப் ரவுண் நகரிற் கிறிஸ்ரியான் பேர்ணாட் முதன்முதலாக மனித இருதயத்தை மாற்றிப் பொருத்தினார். பெற்றவர் 18 நாட்கள் வாழ்ந்தார். துடிக்கக்கூடிய இருதயம் ஒன்றை எடுக்க வேண்டுமாயின், இறப்பு என்பது இருதயம் நின்றுபோதல்தான் என்னும் பழைய வரைவிலக்கணம் போதாதாகின்றது. 1968 இல் ஹாவாட் பல்கலைக்கழகக் குழுவொன்று மூளையின் தொழிற்பாடு மீளாவண்ணம் அற்றுப்போவதை இறப்பின் அளவுகோலாகக் கொள்ளலாம் எனப் பரிந்துரைத்தது.

அதே ஆண்டில் யப்பானின் சப்போரோ நகரில் நிகழ்ந்த இருதய மாற்றுச் சிகிச்சை, வழங்கியவர் உண்மையில் இறந்திருந்தாரா என்ற ஐயத்தைக் கிளப்பியது. வழக்குத் தொடரப்படவில்லையாயினும் மக்களின் நம்பிக்கை குலைந்தது. மூளை இறந்தோரிடமிருந்து உறுப்பெடுப்பதற்கான சட்டம் அந்நாட்டில் 1997 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஒரு தலைமுறைக் காலம் வீணாயிற்று. இதற்கு மாறானது ஸ்பெயின் நாட்டின் அனுபவமாகும். அங்கு, மறுப்புத் தெரிவியாதோர் அனைவரையும் உடன்பட்டோராகக் கொள்ளும் சட்டம் 1979 இல் வந்தது. எனினும், உறுப்புக் கொடை உயர்ந்தது 1989 இல் தேசிய மாற்றுச் சிகிச்சை அமைப்பு நிறுவப்பட்டு, வைத்தியசாலைதோறும் இதற்கெனப் பயிற்சி பெற்றோர் நியமிக்கப்பட்டு, துயருற்ற குடும்பத்தினருடன் பொறுமையாகப் பேசத் தொடங்கிய பின்னரேயாகும். நடைமுறையில் இன்றும் அங்கு குடும்பத்தினரைக் கேட்டே உறுப்பு பெறப்படுகின்றது. உறுப்புக் கொடை சட்டத்தினாலன்றி நம்பிக்கையினாலேயே வளர்கின்றது என்பதற்கு இவ்விரு நாடுகளும் சான்றாகும்.

நம்பிக்கையின் இடத்தைப் பணம் பிடிக்கும்போது நேர்வது யாது என்பதைத் தமிழகத்திற் காணலாம். 1994 இல் இந்தியா உறுப்பு விற்பனையைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றுவதற்கு முன்னரே சென்னையின் வில்லிவாக்கம் பகுதி, சிறுநீரகம் விற்றோரின் மிகுதியாற் ‘கிட்னிவாக்கம்’ என்று இழிபெயர் பெற்றிருந்தது. சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் நேர்கண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2002 ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைப்பதற்காக விற்றவர்கள். விற்ற பின்னரும் நான்கில் மூன்று பங்கினர் கடனிலேயே இருந்தனர். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நூற்றுக்கு 86 பேர் தம் உடல்நலம் குன்றியதாகக் கூறினர். நூற்றுக்கு 79 பேர், பிறருக்கு இதனைச் செய்யுமாறு தாம் கூறமாட்டோம் என்றனர். விற்பனையில் இரு தரப்பினரும் நன்மை அடைவர் என்னும் வாதத்துக்கு இவ்வெண்களே போதிய மறுமொழியாகும்.

எண்களாற் செய்யப்படும் தெரிவு

சியற்றில் குழுவின் அனுபவத்துக்குப் பின்னர், மனித முகத்தைக் காணாத அளவுகோல்களை மருத்துவ உலகம் நாடியது. குருதி வகை, இழையப் பொருத்தம், காத்திருந்த காலம், நோயின் தீவிரம் ஆகியவற்றை எண்களாக்கி, கூடிய புள்ளி பெற்றவருக்கு உறுப்பைக் கொடுத்தல் என்பதே அம்முறை. இது பெரியதொரு முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. செல்வரும் ஏழையும் ஒரே சூத்திரத்தால் அளக்கப்படுவர். எனினும், சூத்திரத்தை அமைப்பவரும் மனிதரே. அதற்கு மூன்று உதாரணங்களை நோக்குவோம்.

முதலாவது, சிறுநீரகத்தின் தொழிற்றிறனைக் கணிக்கும் சூத்திரமாகும். தசைகளின் தொழிற்பாட்டால் உருவாகும் கிரியற்றினின் என்னும் கழிவுப் பொருள் குருதியில் எவ்வளவு உள்ளதென்பதைக் கொண்டு இது கணிக்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2009 ஆம் ஆண்டு வெளியான சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவராயின் விடையை 1.159 ஆற் பெருக்குமாறு கூறியது. காத்திருப்போர் பட்டியலிற் காலம் சேரத் தொடங்குவதற்கு இவ்வெண் 20 அல்லது அதற்குக் குறைவாக இருத்தல் வேண்டும். ஒரே வயதும், ஒரே பாலும், ஒரே அளவு கிரியற்றினினும் உடைய இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு விடை 18. அவர் பட்டியலிற் சேர்கின்றார். மற்றவர் கறுப்பினத்தவராதலின் விடை ஏறத்தாழ 21. அவர் வெளியே நிற்கின்றார். இருவருடைய குருதியும் ஒன்றையே கூறுகின்றது. சூத்திரம் இருவேறு விடைகளைத் தருகின்றது. 2021 இல் இனத்தைக் கருதாத புதிய சூத்திரம் வெளியிடப்பட்டது. பட்டியலிற் சேர்ப்பதற்குப் பழைய முறையைப் பயன்படுத்தல் 2022 இல் தடை செய்யப்பட்டது. 2023 இலிருந்து, இழந்த காத்திருப்புக் காலத்தை உரியவர்க்கு மீட்டுக் கொடுக்கும் பணி தொடங்கிற்று. இடையிற் காத்திருந்து இறந்தோருக்குக் காலத்தை மீட்டுக் கொடுத்தல் யாராலும் இயலாது.

இரண்டாவது, ஈரல் நோயின் தீவிரத்தை அளக்கும் மெல்ட் என்னும் புள்ளி முறையாகும். அது 2002 இல் ஐக்கிய அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. பிலிரூபின், குருதி உறையும் நேரம், கிரியற்றினின் என்பவற்றை அது கருதியது. பெண்களுக்குத் தசை குறைவாதலின் கிரியற்றினினும் இயல்பாகவே குறைவு. எனவே, ஆணுக்குச் சமமான நோயுடைய பெண் குறைந்த புள்ளியே பெற்றாள். பெண் என்ற சொல் அச்சூத்திரத்தில் எங்கும் இல்லை. ஆயினும், பெண்கள் பின்தள்ளப்பட்டனர். 2023 இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டி இக்குறையை ஈடுசெய்ய முயன்றது. முன்னைய உதாரணத்தில் நோயாளரை வேறுபடுத்தியமை தவறாயிற்று. இங்கு வேறுபடுத்தாமையே தவறாயிற்று. நடுநிலை என்பது எல்லாருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தல் அன்று என்பது இதனால் விளங்கும்.

மூன்றாவது, பிரித்தானியாவில் 2018 இலிருந்து பயன்படும் ஈரல் பங்கீட்டு முறையாகும். உறுப்பைப் பெறுபவரையும் கொடுப்பவரையும் பற்றிய 28 விவரங்களைக் கொண்டு கணினி இரண்டு எதிர்வுகூறல்களைச் செய்கின்றது. மாற்று ஈரல் பெறாதுவிடின் இவர் எவ்வளவு காலம் வாழ்வார்? பெற்றால் எவ்வளவு காலம் வாழ்வார்? இரண்டுக்குமுள்ள வேறுபாடே அவர் அடையும் நன்மை. மிகுந்த நன்மை அடைபவருக்கு ஈரல் வழங்கப்படும். கேட்பதற்கு இதனிலும் நேர்மையான முறை இல்லையெனத் தோன்றும். ஆனால், நன்மை ஐந்து ஆண்டு எல்லைக்குள் மாத்திரமே கணிக்கப்பட்டது. மாற்று ஈரலுடன் இன்னும் நாற்பது ஆண்டுகள் வாழக்கூடிய இளைஞரின் எதிர்காலம், இக்கணக்கில் ஐந்து ஆண்டுகளாகவே சுருங்கிற்று. இதனால் இளையோர் பட்டியலிற் பின்தங்குகின்றனர் என்பதை ஆய்வாளர் பின்னர் சுட்டிக்காட்டினர். ஐந்து என்ற எண் இயற்கையின் விதியன்று. தரவுகள் கிடைத்த அளவை நோக்கி மனிதர் தெரிந்துகொண்ட எல்லை அது.

சியற்றில் குழுவின் மதிப்பீடுகளை ஒரு சஞ்சிகை வாசகர் படித்து, இது தவறு என்று கூற இயன்றது. பெருக்கல் எண்ணொன்றின் உள்ளேயும், ஐந்தாண்டு எல்லையொன்றின் உள்ளேயும் அமர்ந்திருக்கும் மதிப்பீட்டைக் காண்பதற்கோ பல ஆண்டுகள் சென்றன.

தானே கற்கும் கணினி

கணினி இத்துறையில் ஆற்றியுள்ள நற்பணியையும் கூறாது விடுதல் நியாயமன்று. தன் கணவருக்குச் சிறுநீரகம் கொடுக்க விரும்பும் பெண்ணின் குருதி வகை அவருக்குப் பொருந்தவில்லை எனக் கொள்வோம். வேறோர் ஊரில் இன்னொரு தம்பதியரும் இதே நிலையில் உள்ளனர். முதற் பெண் இரண்டாம் குடும்பத்துக்கும், இரண்டாம் பெண் முதற் குடும்பத்துக்கும் கொடுப்பதாயின் இருவரும் பிழைப்பர். நூற்றுக்கணக்கான இத்தகைய குடும்பங்களிடையே மிகக் கூடிய இணைகளைக் கண்டுபிடித்தல் மனித மூளைக்கு அரிது, கணினிக்கு எளிது. இப்பரிமாற்ற முறையை வகுப்பதிலும் பங்குகொண்ட அல்வின் றொத், பொருத்தங்களை அமைக்கும் ஆய்வுகளுக்காக 2012 இற் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இங்கு கணினி ஒருவரை விலக்கி ஒருவரைத் தெரியவில்லை. இருவருக்கும் வழி காண்கின்றது.

ஆனால், செயற்கை நுண்ணறிவு எனப்படுவது இதனின்றும் வேறுபட்டது. சூத்திரத்தில் எந்தக் காரணிக்கு எவ்வளவு நிறை கொடுப்பது என்பதை மனிதர் எழுதுகின்றனர். கற்கும் கணினியோ, பழைய நோயாளரின் பதிவேடுகளைப் படித்து அந்நிறைகளைத் தானே வகுத்துக்கொள்கின்றது. ஆகவே, அது எதைப் படித்தது, எதைக் கண்டுபிடிக்குமாறு கேட்கப்பட்டது என்னும் இரண்டுமே முதன்மை பெறுகின்றன.

எதைப் படித்தது என்பதற்கு ஓர் உதாரணம். 2019 இல் டீப் மைண்ட் நிறுவனத்தார், சிறுநீரகம் திடீரெனப் பாதிப்புறுவதை 48 மணி நேரம் முன்னதாக எதிர்வுகூறும் கணினி முறையொன்றை வெளியிட்டனர். வைத்தியசாலையில் நிகழ்ந்த பாதிப்புகளில் நூற்றுக்கு 55.8 பங்கினை அது முன்னறிந்தது. ஒவ்வொரு சரியான எச்சரிக்கைக்கும் இரண்டு தவறான எச்சரிக்கைகளைத் தந்தது. இது பாராட்டத்தக்க சாதனையேயாகும். ஆனால், அது படித்த பதிவேடுகள் அமெரிக்கப் படைவீரராயிருந்து ஓய்வுற்ற 703,782 பேருடையவை. அவர்களுட் பெண்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு. பின்னர் நிகழ்ந்த மீளாய்வொன்று, இவ்வகை எதிர்வுகூறலின் திறன் அப்படைவீரர் கூட்டத்துப் பெண்களிடத்துக் குறைந்திருப்பதைக் காட்டியது.

எதைக் கேட்டனர் என்பதற்கு மற்றோர் உதாரணம். அதே ஆண்டு ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வு, மேலதிகக் கவனிப்பு வேண்டிய நோயாளரைத் தெரிவதற்கு ஐக்கிய அமெரிக்காவிற் பரவலாகப் பயன்பட்ட கணினி முறையொன்றை ஆராய்ந்தது. யாருக்கு நோய் மிகுதி என்று கேட்பதற்குப் பதிலாக, யாருக்குச் செலவு மிகுதி என்று அதனிடம் கேட்கப்பட்டிருந்தது. நோயுற்றும் சிகிச்சையைப் பெற வசதியற்றோருக்குச் செலவு குறைவாகவே பதியப்படும். கணினி அவர்களை நலமுடையோராகக் கணித்தது. இக்குறை நீங்கின், மேலதிகக் கவனிப்புக்குத் தெரியப்படுவோருட் கறுப்பினத்தவரின் பங்கு நூற்றுக்கு 17.7 இலிருந்து 46.5 ஆக உயரும் என ஆய்வாளர் கணித்தனர். கணினி தவறிழைக்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடையையே கொடுத்தது. கேள்வியே பிழையாயிருந்தது.

பற்றாக்குறையே நீங்கிவிடின் இவ்விடரெல்லாம் தீருமன்றோ எனச் சிலர் கூறலாம். பரம்பரையலகுகள் மாற்றப்பட்ட பன்றியின் இருதயம் 2022 ஜனவரியிலும், அத்தகைய பன்றியின் சிறுநீரகம் 2024 மார்ச்சிலும் ஐக்கிய அமெரிக்காவில் உயிருள்ள நோயாளருக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்டன. இருவரும் ஏறக்குறைய இரண்டு மாதங்களே வாழ்ந்தனர். இம்முயற்சி வெற்றியடையலாம். அவ்வாறாயினும், 1972 ஆம் ஆண்டின் பாடத்தை நாம் மறத்தலாகாது. ஓரிடத்திற் பற்றாக்குறை நீங்கும்போது தெரிவு வேறோரிடத்துக்குச் செல்கின்றது. விலைமிக்க புதிய உறுப்பு எந்த நாட்டாருக்கு, எந்த வகுப்பினருக்கு முதலிற் கிடைக்கும் என்பதே அப்போது வினாவாகும்.

ஈகையும் நடுவு நிலைமையும்

எமது நாட்டில் உறுப்புக் கொடை அந்நியமான கருத்தன்று. 1961 இல் ஹட்சன் சில்வா நிறுவிய கண் தானச் சங்கம், 1964 இற் சிங்கப்பூருக்கு விழிவெண்படலங்களை அனுப்பத் தொடங்கிப் பின்னர் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் மக்களுக்குப் பார்வையளித்துள்ளது. கண்ணை ஈந்த சிவி மன்னனின் கதையைப் பௌத்தரும், தம் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பரின் கதையைச் சைவரும் வழிவழியாகப் போற்றி வந்துள்ளனர். 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டம், உயிருடன் இருப்போரும் இறந்தோரும் இழையங்களை வழங்குவதை ஒழுங்குபடுத்துகின்றது. இத்தனைக்கும் நடுவில், 2016 இல் வெளிநாட்டவர் தொடர்புற்ற சிறுநீரக வாணிபக் குற்றச்சாட்டு எழுந்து, வெளிநாட்டவருக்கான மாற்றுச் சிகிச்சையை அரசு நிறுத்திவைக்க நேர்ந்தமையையும் நாம் மறைத்தல் தகாது.

எமது இலக்கியங்கள் கொடுப்பவரின் பெருமையை மிகுதியும் பேசுகின்றன. பெறுவோர் பலராயின் அவருள் யாருக்கு எனும் வினாவை அவை அத்துணை பேசவில்லை. ஆயினும், திருக்குறளில் ஈகைக்கு ஓர் அதிகாரமும், நடுவு நிலைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுக்கப்பட்டுள்ளமை சிந்திக்கத்தக்கது. கொடுக்கும் உள்ளம் வேறு, பங்கிடும் நீதி வேறு. முன்னையது இதயத்தின் விரிவாலும், பின்னையது ஆராய்வாலும் அமைவது. இன்றைய மருத்துவம் இரண்டையும் வேண்டி நிற்கின்றது.

கணினியை விலக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. சியற்றில் குழுவுக்கு மீளுதலும் தீர்வாகாது. பங்கிடும் முறை எதுவாயினும் அது மூன்று நிபந்தனைகளுக்கு அமைதல் வேண்டும் என்பதே நாம் கூற விழைவது. முதலாவது, எந்தக் காரணிகள், எந்த எல்லை, எந்தக் கேள்வி என்பன பொதுமக்கள் அறிய வெளியிடப்படல் வேண்டும். இரண்டாவது, பிற நாட்டாரின் பதிவேடுகளைப் படித்த முறை எம்மவருக்குப் பொருந்துமா என்பது இங்குள்ள நோயாளரிடத்து ஆராயப்பட்ட பின்னரே ஏற்கப்படல் வேண்டும். வடமத்திய மாகாணத்திற் காரணம் தெளிவுறாச் சிறுநீரக நோய் பல்லாண்டுகளாகக் கமக்காரரை வருத்தி வருவதை அறிந்த நாம், அமெரிக்கப் படைவீரரின் பதிவேடு அவர்களுக்காகவும் பேசும் என எண்ணியிருத்தல் கூடாது. மூன்றாவது, தெரியப்படாத நோயாளி ‘ஏன்?’ என்று வினவும்போது விடை கூறக் கடமைப்பட்ட மனிதர் ஒருவர் இருத்தல் வேண்டும். கணினி அவ்வாறு பணித்தது என்பது விடையாகாது.

இவ்விடத்திற் பல்கலைக்கழகத் தமிழ்ச் சமூகத்தாராகிய எமக்கும் ஒரு பணி உண்டு. மூளை இறப்பு, நிராகரிப்பு, எதிர்வுகூறல், பங்கீடு என்னும் சொற்களின் பொருளைத் தன் மொழியில் விளங்கிக்கொள்ளாத தாயொருத்தி, தன் மகனின் உறுப்பைக் கொடுக்க உடன்படுவதும் மறுப்பதும் முழுமையான தீர்மானமாகாது. பட்டியலில் தனக்கு ஏன் இடமில்லை என்று அறியாத கமக்காரர் அதனை எதிர்த்து வினவுதலும் இயலாது. இத்துறையின் அறிவைத் தெளிந்த தமிழில் அவர்களிடம் கொண்டு செல்லுதல் மொழிப்பணி மட்டுமன்று, மருத்துவ நீதியின் ஒரு கூறுமாகும். யாருக்கு வாழ்வு என்னும் கணக்கு எழுதப்படும் இடத்தில், அக்கணக்கைப் படிக்க வல்லோர் பலராதல் வேண்டும்.